வெயிலில் விரித்த குடை

மியூனிக் நகரில் ஈசர் ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் பூங்காவுக்கு ஆங்கிலத் தோட்டம் என்று பெயர். 1789ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மகன் அந்நகரில் பணிபுரிவதால் ஒரு கோடைகாலத்தை அங்கே கழிக்கும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் கிட்டியது. ஒரு நாள் பிற்பகல், ஏழு வயதுப் பேரனைக் கைப்பிடித்துக்கொண்டு, மருமகள் வழிகாட்ட, அத்தோட்டத்தினூடே நடந்துகொண்டிருந்தோம். ஓடையொன்றைக் கடந்ததும் அகன்ற புல்வெளி. அதன் நடுவே நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் விரிப்பின்மேல் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தவிர அவர் உடலில் வேறெதுவும் இல்லை.

எங்கள் கால்கள் நின்றுவிட்டன. சற்றுத் தள்ளி, ஆண்களும் பெண்களுமாக வேறு சிலரும் அவ்வாறே வெயில் காய்ந்துகொண்டிருப்பதைக் கண்டதும், எங்களுள் ஒருவர் கைப்பையிலிருந்த குடையை எடுத்து விரித்துப் பேரனின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "பாட்டி, மழையே இல்லையே!" என்றான் அவன். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமி, இங்கே இதற்கு அனுமதி உண்டு. யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. இப்போது எல்லாரும் நம் குடையைத்தான் பார்க்கிறார்கள்" என்றாள். திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். செய்தித்தாள் படித்த பெரியவரும் தாளைத் தாழ்த்தி, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு எங்கள் குடையைப் பார்த்தார்.

அன்றிரவு செபமாலை முடிந்த பிறகும் பேச்சு அதையே சுற்றி வந்தது. ஊரில் இருந்திருந்தால் நான்கு வரியில் முடித்திருப்போம்: மேலைநாட்டு ஒழுக்கக் கேடு, கடவுளை மறந்த வாழ்வு, காலத்தின் கோலம், முற்றிற்று. ஆனால் அப்பெரியவரின் முகம் அந்த நான்கு வரிக்குள் அடங்க மறுத்தது. இச்சையின் சாயலோ தம்மைக் காட்டிக்கொள்ளும் முனைப்போ அதில் இல்லை. தம் வீட்டுத் திண்ணையில் இருப்பவரைப் போல இருந்தார். இதன் வரலாறு என்ன என்று அறியும் ஆவல் எங்களைப் பற்றிக்கொண்டது. மகன் நூலகத்திலிருந்து கொணர்ந்து மொழிபெயர்த்துச் சொன்னவையும், ஊர் திரும்பிய பின் நாங்களே தேடிப் படித்தவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

செருமானியர் இவ்வழக்கத்தை 'ஃப்ரைக்கோர்ப்பர்கூல்ட்டூர்' என்கின்றனர், சுருக்கமாக எஃப்.கே.கே. 'கட்டற்ற உடலின் பண்பாடு' என்று தமிழில் கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆலைப் புகையும் நெருக்கடியான குடியிருப்புகளும் மலிந்த நகரங்களில் நலிந்த மக்களுக்கு வெயிலும் காற்றும் மருந்து என்று சொல்லும் இயக்கங்கள் எழுந்தன. புலால் மறுத்தல், மதுவை விலக்கல், இயற்கை மருத்துவம் ஆகியவற்றோடு ஆடையின்றி வெயிலில் உலவுதலும் ஒரு கொள்கையாயிற்று. 1893இல் ஹைன்ரிக் பூடோர் என்பவரும் 1906இல் ரிச்சர்டு உங்கவிட்டர் என்பவரும் இதற்காக நூல்கள் எழுதினர். இவ்விருவரின் எழுத்திலும் இனவெறியின் நஞ்சு கலந்திருந்தது என்பதை மறைக்க இயலாது. பூடோர் யூதரை வெறுத்தவர். செருமானிய இனத்தின் 'தூய' உடலைப் பேணி வளர்ப்பது உங்கவிட்டரின் கனவு. இவர்களுக்கு நேர் எதிராக, 1920களில் பெர்லின் நகரின் ஆசிரியர் அடால்ஃப் கோக், தொழிலாளர் குடும்பங்களுக்கு உடற்பயிற்சிப் பள்ளிகளை நிறுவி, உடையைக் கழற்றினால் முதலாளி யார் தொழிலாளி யார் என்ற வேறுபாடும் கழன்றுவிடும் என்று போதித்தார். ஆடையற்ற அதே உடலை ஒருவர் இன மேன்மைக்கும் மற்றொருவர் சமத்துவத்துக்கும் சான்றாக்கியது எங்களைச் சிந்திக்க வைத்தது. உடல் வாய் திறப்பதில்லை. நாம்தான் அதன் பெயரால் பேசுகிறோம்.

1925ஆம் ஆண்டில் செருமானிய ஆயர்கள் நீச்சல், உடற்பயிற்சி, உடை ஆகியவை பற்றி வெளியிட்ட நெறிமுறைகளில் இவ்வழக்கத்தைக் கண்டித்தனர். 1933 மார்ச்சு மாதம் கோரிங்கின் ஆணை பிரசியாவில் இதற்குத் தடை விதித்தது. 1942இல் கட்டுப்பாடுகளோடு அத்தடை தளர்த்தப்பட்டது. போருக்குப் பின் கிழக்கு செருமனியின் பொதுவுடைமை அரசும் 1954இல் பால்டிக் கடலோரத்தில் அரென்ஸ்கூப் என்னும் ஊரில் தடுத்துப் பார்த்தது. மக்கள் கேட்கவில்லை. 1956இல் அவ்வரசே இடம் ஒதுக்கி அனுமதிக்க வேண்டியதாயிற்று. (ஆயர்கள், நாசிகள், பொதுவுடைமையர் என மூவரும் தடுத்தனர் என்றாலும் மூவரின் காரணமும் ஒன்றல்ல, ஒரே மூச்சில் சொல்லிவிட்டதால் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.) மியூனிக்கைப் பொறுத்தவரை, 2014இல் மாநகராட்சியே இதற்கென ஆறு இடங்களை வரையறுத்துவிட்டது. எங்கள் குடை விரிந்த இடம் அவற்றுள் ஒன்று.

நூல்கள் சொல்லாததை ஓர் அம்மையார் சொன்னார். மகன் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாழ்பவர். எழுபது வயதைக் கடந்தவர். ஞாயிறு திருப்பலியில் எங்களுக்கு முன் இருக்கையில் அமர்வார். அவர் பிறந்தது ஐக்ஸ்ஃபெல்டு என்னும் பகுதி. கிழக்கு செருமனியின் ஆட்சிக் காலம் முழுவதும் கத்தோலிக்க விசுவாசத்தை விடாமல் காத்த மண் அது. எங்கள் குடைக் கதையை மருமகள் அவரிடம் சொல்லியிருக்கிறாள் போலும். மாலைக் காப்பிக்கு அழைத்தார். மகன் இடையிலிருந்து இரு பக்கமும் மொழிபெயர்த்தான்.

"எங்கள் அப்பா கழுத்துப்பட்டை அணியாமல் ஞாயிறு பூசைக்குப் போனதில்லை. அதே அப்பாதான் ஆகஸ்டு மாதத்தில் கடற்கரையில் ஒன்றும் உடுக்காமல் எங்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார். இரண்டும் எங்களுக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றியதே இல்லை" என்றார். பவேரியாவின் சிற்றூரில் வளர்ந்த அவர் மாமியாரோ, திருமணத்திற்குப் பின் இதைக் கேள்விப்பட்டு ஒரு வாரம் பேசவில்லையாம். ஒரே மொழி, ஒரே நம்பிக்கை, ஒரே நாடு. ஆயினும் எது வெட்கம் என்பதில் இரு குடும்பங்களுக்கிடையே ஒரு கடல். 1990இல் இரு செருமனிகளும் இணைந்த பிறகு கிழக்குக் கடற்கரைகளில் நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. மேற்கிலிருந்து வந்த விடுமுறைப் பயணிகளுள் சிலர் முகம் சுளித்தனர். சிலர் வேடிக்கை பார்த்தனர். "அவர்கள் பார்த்தபோதுதான் நாங்கள் ஆடையின்றி இருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்தது" என்றார்.

தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தை அவர் நினைத்துச் சொன்னாரா, தற்செயலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது அவர் செல்வதில்லை. வயது காரணமன்று. கைப்பேசிகளில் ஒளிப்படக் கருவி வந்தபின் யார் எங்கிருந்து படம் எடுப்பார் என்ற அச்சம். அவருடைய பேத்திகளோ நீச்சல் குளத்தின் உடைமாற்றும் அறையில்கூடத் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் உடை மாற்றுகிறார்களாம். "அடக்கமாக இருக்கிறார்கள் என்று நீங்கள் மகிழ்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுதும் கைப்பேசியில் பார்க்கும் உடல்களோடு தங்கள் உடலை ஒப்பிட்டு வெறுக்கிறார்கள்" என்றார். இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டோம்.

பிறகு அவர் எங்களைக் கேட்டார்: "உங்கள் நாட்டில் துறவிகள் ஆடையின்றித் திரிவதைப் படத்தில் பார்த்திருக்கிறேனே, நீங்கள் ஏன் குடை விரித்தீர்கள்?"

விருந்துக்குப் போன இடத்தில் வரலாற்றுப் பாடம் நடத்த நேர்ந்தது. சிரவணபெளகொளாவில் கி.பி. 981 அளவில் செதுக்கப்பெற்று 57 அடி உயரத்தில் நிற்கும் கோமதேசுவரர் சிலையைப் பற்றிச் சொன்னோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலும் மஞ்சளும் அதன்மேல் பொழியக் குடும்பம் குடும்பமாக மக்கள் கைகூப்பி நிற்கின்றனர். யாரும் யார் கண்ணையும் மறைப்பதில்லை. அமணர் என்னும் சொல்லிலிருந்தே நம் 'அம்மணம்' பிறந்தது என்பர். ஒரு காலத்தில் முற்றத் துறந்தவரைக் குறித்த சொல் இன்று வசைச் சொல்லாகித் தேய்ந்துவிட்டது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் மேலாடையைக் களைந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறியதையும், பத்தாண்டுகளுக்குப் பின் சர்ச்சில் அவரை அரை நிர்வாணப் பக்கிரி என ஏளனம் செய்ததையும் சொன்னோம். ஊர் திரும்பிய பிறகு அறிந்த வேறொரு செய்தியை அன்று சொல்ல முடியாமற் போயிற்று. ஆடையின்றிக் கூடி வாழ்வதைக் கொள்கையாகக் கொண்ட சங்கங்களுள் பதிவாகியுள்ள மிகப் பழையது ஐரோப்பாவில் தோன்றவில்லை. 1891இல் பம்பாய்க்கு அருகே தானேயில், சார்லஸ் எட்வர்டு கார்டன் கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேய நீதிபதியால் தொடங்கப்பட்டது. உறுப்பினர் மூவரே. இந்தியர் அரைகுறையாக உடுக்கின்றனர் என்று ஆங்கில அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் முகம் சுளித்த அதே காலத்தில், அவர்களுள் ஒருவரே உடையைத் துறக்க இடம் தேடியிருக்கிறார்.

சட்டமும் இதே போலத் தடுமாறித்தான் வந்திருக்கிறது. செருமனியின் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றி நிற்கும் படம் ஒன்றைக் கல்கத்தா இதழொன்று 1993இல் மறுபதிப்புச் செய்தது. நிறவெறிக்கு எதிரான செய்தியோடு வெளிவந்த படம் அது. வழக்குத் தொடுக்கப்பட்டு இருபதாண்டுகள் நடந்தது. 2014இல் உச்சநீதிமன்றம், ஆடையில்லாமை ஒன்றினாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது எனத் தீர்ப்பளித்தது.

திருச்சபையின் வரலாற்றில் இதைத் தேடியபோது எதிர்பாராதவற்றைக் கண்டோம். தொடக்க நூற்றாண்டுகளில் திருமுழுக்குப் பெறுவோர் ஆடைகளையும் அணிகலன்களையும் முற்றக் களைந்தே நீரில் இறங்கினர். முதலில் குழந்தைகள், பின்னர் ஆண்கள், இறுதியில் பெண்கள் என முறை இருந்தது. பெண்களுக்கு எண்ணெய் பூசும் பணியை ஆண்கள் செய்வது தகாது என்பதால் பெண் திருத்தொண்டர் அப்பணியைச் செய்தனர். எருசலேம் ஆயரான புனித சிரில், நான்காம் நூற்றாண்டில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோரிடம் அந்நேரத்தில் அவர்கள் தோட்டத்து ஆதாமைப் போல வெட்கமின்றி நின்றதை நினைவூட்டி மகிழ்கிறார். 1206இல் அசிசி நகரில் இளைஞர் பிரான்சிஸ் தந்தை தந்த ஆடைகளையெல்லாம் களைந்து தந்தையிடமே திருப்பிக் கொடுத்து நின்றபோது, ஆயர் தம் மேலாடையால் அவரை மூடினார். களைந்ததை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். மூடிய ஆயரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மைக்கேல் ஆஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்தில் 1541இல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் கதை பலரும் அறிந்ததே. திரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் பின் அதிலுள்ள உருவங்கள் சிலவற்றுக்கு ஆடை வரையுமாறு பணிக்கப்பட்டார் தானியேலே தா வோல்தேரா. அதனால் அந்நல்ல ஓவியருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. 1994இல் ஓவியம் தூய்மை செய்யப்பட்டபோது, பிற்காலத்தவர் சேர்த்த ஆடைகள் பலவற்றை நீக்கி, தானியேலே வரைந்தவற்றை வரலாற்றுச் சான்றாக விட்டுவைத்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அங்கே திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அச்சிற்றாலயத்தை மனித உடலின் இறையியலுக்கு ஒரு திருத்தலம் எனப் போற்றினார். ஆயராக இருந்தபோது, 1960இல் அவர் வெளியிட்ட அன்பைப் பற்றிய நூலில், ஆடையின்மையும் வெட்கங்கெட்ட தன்மையும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். ஓர் ஆளைப் பயன்படுத்தும் பொருளாகக் குறுக்கும்போதே கேடு நுழைகிறது என்பது அவர் கருத்து. அதே சிற்றாலயத்துக்கு 1931 டிசம்பரில் காந்தியடிகள் சென்றிருந்தார். இடுப்பில் ஒற்றைத் துணியும் மேலே போர்வையுமாக வந்த அவர், அங்கிருந்த பாடுபட்ட சுரூபத்தின் முன் நின்று கண்கலங்கினார் என்று உடன் சென்றோர் எழுதியுள்ளனர். சிலுவையில் தொங்கியவருக்கும் ஒற்றைத் துணிதான்.

ஆடையின்மையை ஒரு வாழ்க்கை நெறியாக எங்களால் ஏற்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏதேன் தோட்டத்தின் வாயில் ஆடையைக் கழற்றியதும் திறந்துகொள்ளும் என்று நம்பிய கூட்டங்கள் முன்பும் இருந்தன. ஆதாமியர் என்று அழைக்கப்பட்டவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் பொகீமியாவிலும் தோன்றி அழிந்தனர். விலக்கப்பட்ட கனியை உண்ட மனிதரைத் தோட்டத்தைவிட்டு வெளியே அனுப்புமுன் ஆண்டவரே தோலாடை செய்து உடுத்தினார் என்பது எங்களுக்கு மிகப் பிடித்த இடம். அத்தி இலைகளைத் தைத்தவர்கள் அவர்கள். அது போதாது என்று கண்டு நல்ல ஆடையாகச் செய்து கொடுத்தவர் கடவுள். கோபத்தில் இருக்கும் தாய், பிள்ளை வெளியே போகும்போது குளிருக்குச் சட்டையை மாட்டிவிடுவது போன்ற செயல் அது. அந்தச் சட்டையைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. ஆயினும் மியூனிக் புல்வெளியில் கண்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவும் இப்போது நாக்கு எழவில்லை. அவர்கள் ஆடையை அவர்களே கழற்றினார்கள். அவர்களே எடுத்து உடுத்திக்கொண்டு டிராம் வண்டி ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

நம் மண்ணில் பலருக்கு அந்த உரிமை இருந்ததில்லை. நாங்கள் குமரி மாவட்டத்தவர். தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மார்பை மூடலாகாது என்ற கொடுமையை எதிர்த்து நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். சென்னை ஆளுநர் டிரெவெலியனின் வற்புறுத்தலுக்குப் பின் 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், அல்லது கடற்கரையின் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படியும் மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது என்றது. மூடுவதற்கு அனுமதி தந்தபோதும் எப்படி மூடுவது என்பதை அரண்மனையே முடிவு செய்தது. சந்தையில் மேல்சீலை கிழிக்கப்பட்டுப் பனையோலையால் உடலை மறைத்தவாறு வீடு வந்து சேர்ந்த ஒரு மூதாட்டியின் கதை எங்கள் குடும்பத்தில் உண்டு. எங்கள் அம்மாவுக்கு அவருடைய பாட்டி சொன்ன கதை அது. அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் தம் முந்தானையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். எங்களுள் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். எண்பத்து மூன்றாம் வயதில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுதும் செயலற்று, பேச்சும் போய்விட்டது. ஒரு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் பதினெட்டு நாள் கிடந்தார். மருத்துவம் குறையின்றி நடந்தது; அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துடைப்பதற்கும் குழாய் மாற்றுவதற்கும் வருபவர்கள் போர்வையை ஒரே வீச்சில் கால்மாட்டுக்குத் தள்ளுவார்கள். கட்டிலைச் சுற்றித் திரை இருந்தது. அதை இழுக்க யாருக்கும் நேரமில்லை. அடுத்த கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள், சாப்பாட்டுத் தட்டு எடுக்கும் பையன், மாணவர் கூட்டத்தோடு வரும் மருத்துவர் என எல்லாரும் அந்தப் பக்கமே போவார்கள். அசையும் ஒரு கை மட்டும் கட்டிலின்மேல் எதையோ தேடித் தேடித் தடவும். வலிக்கிறதோ, தண்ணீர் வேண்டுமோ என்று நாங்கள் குனிந்து கேட்போம். மூன்றாம் நாள்தான் விளங்கிற்று. அந்தக் கை போர்வையின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

விளங்கிய பின்னும் நாங்கள் வாய் திறக்கவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ, அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தோம். திரையை நாங்களே இழுத்திருக்கலாம். ஒருமுறை இழுத்தபோது, வெளிச்சம் போதவில்லை என்று ஒருவர் அதட்டினார், மறுபடி இழுக்கவில்லை. முன்பின் அறியாத செருமானியர் ஒருவருக்காக நொடிப்பொழுதில் குடையை விரித்த கைகள் இவை. அம்மாவுக்காக ஒரு திரையை இழுக்கவில்லை.

இரவுப் பணிக்கு வரும் ஓர் இளம் செவிலி மட்டும் வேறு மாதிரி. வந்ததும் திரையை இழுத்துவிடுவார். "அம்மா, துடைக்கப் போகிறேன், போர்வையைக் கொஞ்சம் விலக்கட்டுமா?" என்று, பதில் வராது என்று தெரிந்தும் கேட்பார். ஒரு பாதியை மூடிக்கொண்டே மறு பாதியைத் துடைப்பார். அவர் வேலை செய்யும் நேரத்தில் அந்தக் கை தேடாது, அப்படியே கிடக்கும். நோவா போதையில் ஆடை விலகிக் கிடந்தபோது காம் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னான். சேமும் எப்பேத்தும் மேலாடையைத் தோளில் தாங்கிப் பின்னோக்கி நடந்து சென்று, தந்தையின் பக்கம் முகம் திருப்பாமலே மூடினார்கள். தொடக்க நூலில் இப்பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். பின்னோக்கி நடப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தப் பிரிவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அச்செவிலி கிறிஸ்தவர் அல்லர். எங்களுள் இருவருமே தவக்காலம் தோறும் சிலுவைப் பாதையில் பத்தாம் நிலைக்கு முன் முழந்தாளிட்டுப் பழகியவர்கள்.

மியூனிக்கிலிருந்து புறப்படும் முன்னாள் மாலை, அந்த அம்மையாரிடம் விடைபெறச் சென்றோம். குடைக் கதையில் தொடங்கிய நட்பு என்பதால், சொல்லாமல் போவது முறையன்று என்று தோன்றியது. அம்மாவின் கதையைச் சொன்னோம். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இன்னும் ஆறு நாள் இருந்தார். இறந்த அன்று வழக்கப்படி முற்றத்தில் உடலைக் கழுவினார்கள். தெருப் பெண்கள் நால்வர் இரண்டு பழஞ்சேலைகளை விரித்துத் தலைக்கு மேல் உயர்த்திச் சுற்றிலும் மறைப்புப் பிடித்தனர். எங்களுள் ஒருவர் உள்ளே நின்று தண்ணீர் ஊற்றினார். மற்றவர் வெளியே வேலியோரம் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. கை வலித்திருக்கும், ஆனாலும் கழுவி, துடைத்து, முன்னமே எடுத்துவைத்திருந்த வெள்ளைச் சேலையை உடுத்தி முடிக்கும்வரை சேலை ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை.

மகன் மொழிபெயர்த்து முடிக்க நேரமாயிற்று. இடையே இரண்டுமுறை நிறுத்தினான். பாட்டியின் கடைசி நாட்களைப் பற்றி நாங்கள் அவனிடமே இவ்வளவு சொன்னதில்லை. அம்மையார் காப்பிக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்று கேட்டார்:

"அந்த நால்வரும் எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள்?"

"வெளிப்பக்கம்" என்றோம்.